மூன்று மணிக் காற்று

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. நான் இரண்டாவது மாடியில் படிக்கட்டை ஒட்டினாற்போல் இருப்பவள். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும் என்பதால் மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் என் வாசலைத் தாண்டாமல் முடியாது. நானாக யாரையும் வேவு பார்ப்பதில்லை. கதவு திறந்திருக்கும், கண் இருக்கிறது, பார்க்கிறது. அவ்வளவுதான்.

கோடை வந்துவிட்டால் இங்கே அவரவர் தலையெழுத்து அவரவர் மாடியைப் பொறுத்தது. முதல் மாடி வங்கிக்காரர் வீட்டில் மூன்று ஏசி. அவர் வீட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அந்த மூன்று பெட்டிகளும் வெளியே துப்புகிற சூடு நேராக என் சமையலறை ஜன்னலுக்கு வருகிறது. நான் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் கல்லாக்கி, மேசை விசிறிக்கு முன்னால் நிற்கவைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். பாட்டில் உருகும்வரை நான் ராணி. அப்புறம் பழையபடி நான்தான்.

நான்காவது மாடி கதை வேறு. மேலே மொட்டை மாடி பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். சுவரில் முதுகைச் சாய்த்தால் அடுப்பில் வைத்த சட்டியில் சாய்ந்த மாதிரி இருக்கும். அந்த மாடியில் இரண்டே பேர். எதிரும் புதிருமான இரண்டு வீடு, வீட்டுக்கு ஒருவர்.

ஒருவர் சர்வேயர். வயது எழுபத்தொன்று. ஊரார் நிலத்தையெல்லாம் முப்பத்தைந்து வருஷம் அளந்துவிட்டு, கடைசியில் தனக்கென்று எண்ணூறு சதுர அடியில் வந்து உட்கார்ந்தவர். மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகள் கடல் தாண்டி எங்கோ பெரிய வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐந்து நிமிஷம் பேசுவாள். ஐந்து என்றால் ஐந்துதான், எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டில் தையல்காரம்மா. ஐம்பதைத் தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது. பேண்ட் இடுப்பைப் பிடித்துக் கொடுப்பாள், அறுந்த ஜிப்பை மாற்றுவாள், நைந்த காலரைத் திருப்பித் தைப்பாள். மருத்துவமனை ஊழியர்களின் சீருடை அவளுடைய பெரிய வேலை. கல்யாணம் என்று ஒன்று நடந்ததாம், இரண்டே வருஷத்தில் முடிந்ததாம். அதற்கு மேல் என்னாலேயே அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருஷமாக எதிரெதிரே இருந்தும், படியில் பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரி என்றிருந்த இந்த இரண்டு பேருக்கும் பேச்சு மூட்டிவிட்டது காற்றுதான்.

கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு சர்வேயர் வீட்டைத் துடைத்துவிட்டுக் காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். அதே நேரம் பார்த்துத் தையல்காரம்மாவும் துணி வாங்க வந்தவருக்காகத் திறந்தாள். அவ்வளவுதான், எங்கே இருந்ததோ அந்தக் காற்று. துணி வெட்ட அளவுக்கு நறுக்கி அவள் மேசைமேல் அடுக்கியிருந்த காகிதங்கள் அத்தனையும் எழும்பிச் சுழன்று படிக்கட்டெல்லாம் இறைந்தன. ஒரு கால்சட்டையின் காகிதக் கால் மட்டும் இரண்டு மாடி இறங்கி என் வாசலுக்கே வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் நான் மேலே போனேன். வேறு எதற்கும் இல்லை.

சர்வேயர் தன் வீட்டு வாசலில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டை நேர்கோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க மிஷினுக்குப் பின்னாடி இருக்கற ஜன்னல் கிழக்கா?"

"காலையில வெயில் அடிக்கும் சார். அப்ப கிழக்குதான்."

"என் பால்கனி மேற்கு. நம்ம ரெண்டு வாசலும் ஒரே கோட்டுல இருக்கு. ஒரு கதவு சாத்தியிருந்தாலும் காத்துக்கு உள்ள வர வழி இருக்கு, வெளிய போக வழி இல்ல. அதான் வராமயே வெளிய நிக்குது."

"காத்துக்குக்கூட வெளிய போக வழி வேணுமா சார்?"

"யாருக்குத்தான் வேணாம்," என்றார்.

மறுநாளிலிருந்து அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. பேசிவைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று மணிக்கு மேற்கிலிருந்து காற்று கிளம்பும். அவர் தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டதும் அவளும் நீக்குவாள். ஆறு மணிவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே காற்று ஓடும். அவர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அவள் தைப்பாள். பத்து நாளில் தையல் மிஷின் ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு ஜன்னல்தானே நல்லது என்று கேட்டேன். "காத்து இங்கதானக்கா நல்லா வருது," என்றாள். சரி, காற்று என்றே வைத்துக்கொள்வோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்த மூன்று மணி நேரம்தான் அவளுக்கு நாளே. காலை முழுக்க அந்த வெக்கையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டாள். எல்லாவற்றையும் மூன்று மணிக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாள். சிரிக்காத முகம் அது. மூன்று மணிக்கு மேல் போய்ப் பார்த்தால் சிரிக்கத் தயாராக இருக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சொற்பம். "நாலாச்சா?" "இன்னும் இல்ல சார்." அரை மணி கழித்து, "இன்னிக்குக் காத்து கொஞ்சம் வடக்கால சாயுது." "அப்படியா சார்." இதுதான் பேச்சு. நான் படியில் நின்று கேட்டவரை இதுதான்.

எனக்கும் காற்று வேண்டாமா? என் எதிர்வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. என் கதவை எவ்வளவு விரியத் திறந்தாலும் எதிரே பூட்டுதான். அதனால் ஒருநாள் நான்கு மணிவாக்கில் மேலே ஏறி, இரண்டு வாசலுக்கும் நடுவே நின்று நாலு வார்த்தை பேசலாம் என்று வங்கிக்காரர் வீட்டு ஏசி விஷயத்தை எடுத்தேன். பாதிகூடச் சொல்லவில்லை. சர்வேயர் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:

"கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கம்மா. காத்தை மறைக்கறீங்க."

அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. தையல்காரம்மா நூலைப் பல்லில் கடித்தபடி சிரித்தாள். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியும், அதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.

கீழே வந்ததும் கைபேசியை எடுத்தேன். சர்வேயரின் மகள் போனமுறை வந்தபோது தன் எண்ணைக் கொடுத்து, அப்பாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

"ஆன்ட்டி, என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்லம்மா, பதறாத. வெயில் தாங்காம வாசக்கதவை விரியத் திறந்துபோட்டு உக்காந்திருக்கார். சமயத்துல அப்படியே தூங்கிப்போயிடறார். நாலு பேர் வந்து போற இடம். நாளைக்கு ஒண்ணுன்னா, நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்கன்னு நீதான் என்னைக் கேப்ப."

எதிர்க்கதவு திறந்திருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள்தான்.

நான்காம் நாள் ஏசி வந்து இறங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஏறினார்கள், பின்னாலேயே நானும் ஏறினேன். ஹாலில்தான் மாட்ட வேண்டும் என்பது மகளின் உத்தரவு, அப்பா பகலெல்லாம் இருப்பது அங்கேதானாம். மாட்டியவன் வாசக்கதவின் அடியில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பாடம் நடத்தினான்.

"பெரியவரே, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கணும். இது உங்க பொண்ணு போனோட சேர்ந்தது. அங்க இருந்தே கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். நீங்க கதவைத் திறந்து வெச்சு ரூம் சூடாச்சுன்னா அங்க மணி அடிச்சுக் காட்டிக்குடுத்துடும்."

"என்னையும் அதுல நிறுத்த முடியுமா?" என்று கேட்டார் சர்வேயர்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவர் சிரிக்கவில்லை.

அன்று மூன்று மணிக்குத் தையல்காரம்மா கதவைத் திறந்தாள். எதிர்க்கதவு சாத்தியே இருந்தது, உள்ளே ஏசி முனகுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள், கதவை மட்டும் சாத்தவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஒரு தலையணை உறையில் நல்லாயிருந்த தையலை நானே பிரித்து எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கால் இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு மிஷினில் கை ஓட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஈரத்துண்டு. ஜன்னலில் நனைத்துத் தொங்கவிட்டிருந்த படுக்கைவிரிப்பு காய்ந்து விறைத்து அசையாமல் நின்றது.

"மிஷினை அப்படி மிதிக்கக்கூட முடியாதே, கால் வாளிக்குள்ள இருக்கே," என்றேன்.

"மோட்டர் இருக்குக்கா. பெடலை மேசைமேல வெச்சு முழங்கையால அழுத்தறேன்."

"நீதான் அவர்கிட்டக் கேட்டுப் பாரேன்."

"எதை?"

"கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைங்கன்னு."

"கேட்டு வாங்கினா அது காத்து இல்லக்கா, உபகாரம்." துண்டை எடுத்து வாளியில் நனைத்துப் பிழிந்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்திருக்கா. எனக்குக் காத்து வரலன்னு அவர் அதை நிறுத்தணுமா?"

தலையணை உறையைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் மூன்றேகாலுக்கு மேலே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சர்வேயர் கதவுதான், பால்கனிக் கதவையும் திறந்திருப்பார்போல. உடனே காற்று படிக்கட்டு வழியாக ஊளையிட்டது. எனக்கே நிம்மதியாக இருந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அடுத்த நாள் இரண்டு தடவை திறந்தது, இரண்டும் பத்து நிமிஷம்தான். அதற்கடுத்த நாள் மூன்று தடவை. என்ன விஷயம் என்று தெரியாமல் என்னால் எப்படி இருக்க முடியும்? மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும் என்று சொல்லிக்கொண்டு வாளியோடு ஏறி, திருப்பத்தில் நின்றேன்.

கதவு திறந்தது. சர்வேயர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைபேசியைத் தொடையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். எதிரே தையல்காரம்மா சரசரவென்று இஸ்திரி போட்டாள், கிடைத்த வரைக்கும் லாபம் என்பதுபோல. பத்தாவது நிமிஷம் கைபேசி அடித்தது.

"சொல்லும்மா... முப்பத்தொண்ணு காட்டுதா? இங்க ஒண்ணும் தெரியலையே... கதவா? சாத்தித்தான் இருக்கு... இரு, பார்க்கறேன். அட, ஆமாம்மா, திறந்திருக்கு. குப்பை வைக்கத் திறந்தேன், மறந்துட்டேன். நீ சாப்பிட்டியா? அங்க இன்னும் காலை வேளைதானா... மழையா? நல்ல மழையா?... சரி சரி, ஓடு. உனக்கு நேரமாச்சு."

பேச்சு முடிந்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். இன்னொரு மணி நேரத்தில் மறுபடி திறப்பார்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் என்றிருந்த குரலை, தாழ்ப்பாளை நீக்கினால் வரவழைக்கலாம் என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார். எதிரே ஒருத்தி இரண்டே முக்காலுக்கே முகம் கழுவிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடுபடுத்தி வைத்துக்கொண்டு, அந்தத் தாழ்ப்பாள் தனக்காகத்தான் நீங்குகிறது என்று காத்திருக்கிறாள். இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாய்வரை வந்ததை விழுங்குவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு வாரம் விழுங்கினேன்.

மூன்றாவது வாரம் சர்வேயரின் மகளே என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு மறதி ரொம்ப அதிகமாயிடுச்சா? தினம் நாலு தடவை கதவைத் திறந்து வெச்சுட்டு மறந்துடறார். டாக்டர்கிட்டக் காட்டணுமோன்னு பயமா இருக்கு."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரைப் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் கூட்டிப்போய்விடுவார்கள் என்று நினைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

"மறதியும் இல்ல, மண்ணும் இல்லம்மா. கதவைத் திறந்தா நீ கூப்பிடற. அதான் திறக்கறார்."

லைன் போய்விட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவையும் மீட்டிங் நடுவுல எழுந்து வெளிய வர்றேன் ஆன்ட்டி," என்றாள் கடைசியில். குரல் ஒருமாதிரி இருந்தது. கோபமா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் பேசியிருக்கிறாள். அந்த மணி அடிக்கிற ஏற்பாட்டை எடுத்துவிட்டேன், நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசலாம் என்று சொன்னாளாம். குப்பை வைக்க வந்தபோது சர்வேயரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கும் வேலை இருக்குமில்ல," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகு எட்டு நாள் அந்தக் கதவு திறக்கவே இல்லை. திறக்க அவருக்குக் காரணம் இல்லை. வெயில் நாற்பதைத் தாண்டியது. எட்டாவது நாள் மேலே மிஷின் சத்தமே கேட்காமல் போகவே ஏறிப் போனேன். தையல்காரம்மா தரையில் கால் நீட்டி, சுவரில் சாயாமல் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சுற்றிலும் நீலச் சீருடைப் பேண்ட்டுகள் மலையாகக் கிடந்தன. அவளுடைய வாசக்கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது.

உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

"தலை சுத்துதா?"

"சுத்திச்சு. இப்ப நின்னுடுச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள். "சாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையாக்கா?"

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முதலில் போன் பண்ணியது நான்தான், ஏசி வந்தது அதனால்தான், அப்புறம் கதவு திறந்ததன் காரணம் இது, அது நின்றுபோனதற்கும் நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் பேண்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் போன் பண்ணியிருப்பீங்கன்னு தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"இந்தக் கட்டடத்துல வேற யாரு பண்ணுவாக்கா?"

"அப்ப அவர் எதுக்குக் கதவைத் திறந்தார்னு?"

"அதுவும் தெரியும். எனக்கு எதிர்லதானே உக்காந்து பேசறார். எனக்கென்ன காது இல்லையா?"

"தெரிஞ்சுமா முகத்தைக் கழுவிக்கிட்டு உக்காந்திருந்த?"

ஈரத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் எழுந்தாள். தடுமாறுவாளோ என்று கையைப் பிடிக்கப் போனேன், விலக்கிவிட்டாள். வெறுங்காலோடு நடந்து போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த மணியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சர்வேயர் ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். உள்ளேயிருந்த குளிர் எங்கள் பாதத்தின்மேல் வந்து விழுந்தது. முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கதவைத் திறந்து வைக்கணும்."

"ஏசி ஓடுதேம்மா."

"நிறுத்துங்க."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணு இப்பல்லாம் அதைப் பார்க்கறதில்ல. திறந்தாலும் அவளுக்குத் தெரியாது," என்றார் மெதுவாக. யாருக்கோ வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது.

"தெரியும் சார். நான் அதுக்குக் கேக்கல. நூத்தியிருபது பேண்ட் பாக்கி இருக்கு, இஸ்திரி போடணும். எனக்கு வேகுது."

"வெளியில நாப்பத்தொண்ணும்மா. வர்றது அனல். அதுக்குப் பேசாம துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வந்து இங்கயே உக்காந்து செய்யுங்களேன். குளுகுளுன்னு இருக்கு."

"உங்க வீட்டுக்குள்ளயா?" என்னைக் கையால் காட்டினாள். "பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பார்த்துட்டுப் பேசுங்க சார்."

நான் வாயே திறக்கவில்லை.

"உங்க வீட்டுல நீங்க இருங்க, என் வீட்டுல நான் இருக்கேன்," என்றாள் அவள். "நடுவுல கதவு மட்டும் திறந்திருந்தா போதும்."

அவர் அங்கேயே நின்றார். முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. கேட்டு வாங்கமாட்டேன் என்று சொன்னவள் கேட்டுவிட்டு நிற்கிறாள், முகத்தைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை.

சர்வேயர் உள்ளே திரும்பி நடந்தார். ரிமோட்டின் சத்தம் ஒருமுறை கேட்டது, முனகல் நின்றது. பிறகு பால்கனிக் கதவை அவர் இழுக்கிற சத்தம். அதற்கப்புறம் காற்று வந்தது. குளிர்ந்த காற்று என்று பொய் சொல்லமாட்டேன், அடுப்பு வாயைத் திறந்த மாதிரிதான் வந்தது. ஆனாலும் வந்தது. வந்து, அவள் வீட்டு ஜன்னலில் விறைத்து நின்ற படுக்கைவிரிப்பை வெளியே தள்ளிக்கொண்டு போனது.

அவர் நாற்காலியை இழுத்து வழக்கமான இடத்தில் போட்டு, சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கைபேசியை நாற்காலிக் கையில் வைத்தார். அவள் உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நீராவி மட்டும் அவள் மேசையிலிருந்து எழும்பி ஜன்னல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். அவள் அதைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பார்க்காத மாதிரி அடுத்த பேண்ட்டை உதறி மேசையில் விரித்தாள்.